அண்ணி பார்த்த குருகு

என் அண்ணி பொய் சொல்லமாட்டார். இதை அவருடைய அம்மா சொன்னால் பெற்ற பாசம் என்பீர்கள். என் அண்ணன் சொன்னால், பாவம், வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டுமே என்பீர்கள். சொல்வது நான், அவருடைய நாத்தனார். எந்த ஊரிலாவது நாத்தனார் அண்ணிக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இந்த ஒரு தகுதியை நம்பித்தான் இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத என்னை அண்ணி படகில் ஏற்றி ஆற்றில் இறக்கினார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணியை 'அவர்' என்பேன், அண்ணனை 'அவன்' என்பேன். கூடப்பிறந்தவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? சின்ன வயதில் நான் தூங்கும்போது என் பின்னலைக் கட்டில் காலோடு கட்டிப்போட்டவன் அவன்.

அண்ணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஆள் குள்ளம், பஸ் நீளம். சீட்டில் மெத்தை போட்டு ஏறி உட்கார்ந்தால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே முகம் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வண்டி தானாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த நீள வண்டியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் விட்டு, சுவருக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை மட்டும் நுழையும்படி நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற டிரைவர்கள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ரைட்டு, லெப்ட்டு என்று ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் அண்ணி எழுந்து, கடைசி சீட்டு வரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்குக் கீழேயும் குனிந்து பார்ப்பார். தூங்கிப்போன பிள்ளை ஏதாவது சுருண்டு கிடக்கிறதா என்றுதான். பெரும்பாலும் கிடைப்பது ஒற்றை ஷூ, தண்ணீர் பாட்டில், பாதி கடித்த பிஸ்கட். பிறகு ஷெட்டுக் காவலாளியிடம் வந்து "வண்டி காலி" என்பார். மற்ற வண்டிகளில் காவலாளி தானும் ஒருமுறை ஏறிப் பார்ப்பார். அண்ணியின் வண்டியை அப்படியே பூட்டிவிடுவார். அதில் அண்ணிக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், அவ்வளவுதான்.

பறவைப் பைத்தியம் பிடித்ததும் அந்த பஸ்ஸினால்தான். காலையில் பிள்ளைகளை விட்டபிறகு பள்ளி முடியும்வரை வண்டி ஆற்றோர ஷெட்டில் நிற்கும். மற்றவர்கள் சீட்டாடுவார்கள். அண்ணியின் வண்டிக் கண்ணாடியில் தினமும் ஒரு வாலாட்டிக் குருவி வந்து தன் உருவத்தோடு சண்டை போடும். கொத்தும், பின்வாங்கும், வாலை ஆட்டி யோசிக்கும், மறுபடி கொத்தும். "யாரு இது, என்னைக் கேக்காம என் கண்ணாடியில குடித்தனம்?" என்று விசாரிக்க ஆரம்பித்தவர், கொஞ்ச நாளில் பைனாகுலர் வாங்கினார். அடுத்து ஒரு படகே வாங்கிவிட்டார்.

கனூ என்று சொல்கிற வகை அது. ஒல்லியாக, நீளமாக, இரண்டு முனையும் கூராக, பச்சை நிறத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு வாழைக்காய் என்று பெயர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். திருப்புவது, நிறுத்துவது எல்லாம் பின்னால் இருப்பவர் பொறுப்பு. முன்னால் இருப்பவர் மனசிருந்தால் துடுப்புப் போடலாம், இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கலாம். முதல் நாளே அண்ணி முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வாரம் பூரா நான் ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமையாவது என்னை யாராவது ஓட்டிட்டுப் போங்க." அன்றிலிருந்து பின் சீட்டு அண்ணனுக்கு. அண்ணன் எலக்ட்ரீஷியன், பேச்சு குறைவு. 'ம்' என்ற ஒன்றையே ஏழெட்டு விதமாகச் சொல்லத் தெரிந்தவன். பறவை விஷயத்தில் அவனும் என்னைப் போலத்தான். அண்ணி ஆசைப்பட்டார், அவன் துடுப்பைப் பிடித்தான்.

இப்படி ஆற்றில் சுற்றுகிறவர்கள் சேர்ந்து ஒரு பறவைச் சங்கம் வைத்திருக்கிறார்கள். டயர் கடை மாடியில் ஒரு ஹால், சத்தம் மட்டும் போடும் ஃபேன், மடக்கு நாற்காலிகள். தலைவர் ஒரு பல் டாக்டர். கோடையில் ஒருநாள் ஆற்றங்கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, படகுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். பகல் முழுக்கக் கரையோரமாகவே போய், பார்த்த பறவைகளைச் சாயங்காலம் ஹாலில் வந்து சொல்ல வேண்டும். டாக்டர் எழுதிக்கொள்வார். அதில் ஒரு சட்டம் உண்டு. படகில் இருக்கும் இரண்டு பேரும் பார்த்தால்தான் அது பறவை. ஒருவர் மட்டும் பார்த்தால் அது வெறும் பேச்சு. இந்தச் சட்டம் வரக் காரணம் சங்கத்தில் இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் கண்ணில் படாத பறவையே கிடையாது. ஒருதடவை மூச்சிரைக்க ஓடிவந்து அவர் சொன்ன பூநாரை, யாரோ வீட்டுப் பின்புறத்தில் நட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் பொம்மை.

போன வருஷம் அந்த நாளில்தான் அண்ணி குருகைப் பார்த்தார்.

குருகு கொக்கு ஜாதி. ஆனால் கொக்கு மாதிரி வெட்டவெளியில் நின்று காட்சி கொடுக்காது. நாணல் புதருக்குள்ளேயே காலம் தள்ளும். ஆள் அரவம் கேட்டால் ஓடவும் ஓடாது. அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கி, கழுத்தை நீட்டி, நாணலோடு நாணலாக நின்றுவிடும். கழுத்துக் கோடுகள் காய்ந்த நாணல் தட்டை மாதிரியே இருக்கும். காற்றில் நாணல் ஆடினால் அதுவும் சேர்ந்து ஆடுமாம். எங்கள் ஆற்றில் அது இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று சங்கமே முடிவு கட்டியிருந்தது. அண்ணி சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். டாக்டர் வழக்கம்போல அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்த்தீங்களா?" என்றார்.

"நான் பார்க்கல" என்றான் அண்ணன்.

முடிந்தது கதை. "பின்னாடி உக்காந்து தூங்கிட்டாரு போல" என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொல்ல, ஹாலே சிரித்தது. மற்றவர்கள் சிரித்ததைக்கூட அண்ணி பொறுத்துக்கொண்டிருப்பார். பொம்மையைப் பறவை என்ற ஆள் சிரித்ததுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சங்கத்தில் 'குருகு அக்கா' என்று பெயர். "என்ன குருகு அக்கா, இன்னைக்கு வர்ற வழியில வணக்கம் சொல்லுச்சா?" வண்டி காலி என்றால் ஏறிக்கூடப் பார்க்காமல் பூட்டுகிறார்கள், குருகு இருக்கிறது என்றால் சிரிக்கிறார்கள். அதுதான் அண்ணிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதைவிட ஆழமாகத் தைத்தது அண்ணன் சொன்ன சொல். வீட்டில் சண்டை என்று ஒன்றுமில்லை. சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து டிவி பார்ப்பார்கள். ஆனால் பாத்திரம் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ திடீரென்று அண்ணி கேட்பார்: "ஒரு செகண்டு தலையைத் தூக்கியிருந்தா நீங்களும் பார்த்திருக்கலாம். அதுகூட உங்களால முடியலையா?" அண்ணன் "ம்" என்பான். அது எந்த 'ம்' என்று யாருக்கும் புரியாது. பக்கத்தில் இருந்த புருஷனே கைவிட்டுவிட்டார் என்று அண்ணி ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அந்த நாள் நெருங்கும் நேரத்தில், ஊர் முழுக்க ஏணியில் ஏறி இறங்கிய என் அண்ணன், சொந்த வீட்டில் பல்ப் மாற்ற முக்காலியில் ஏறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த நாளே அண்ணி என் கடையில் வந்து நின்றார்.

நான் அழகு நிலையம் நடத்துகிறேன். அப்போது ஒரு வாடிக்கைக்கார அம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே?" என்றார் அண்ணி.

"லீவுதான். தூங்கப் போறேன்."

"படகுல வந்து தூங்கு. முன் சீட்டுக்கு ஒரு ஆள் வேணும். நான் பின்னாடி உக்காந்து ஓட்டிக்கிறேன்."

"எனக்கு நீச்சல் அரைகுறை அண்ணி. பறவை சுத்தமா வராது. உங்க சங்கத்துல ஆளே இல்லையா?"

"சங்கத்து ஆளைக் கூட்டிட்டுப் போனா, எனக்காகச் சொல்றாங்கம்பாங்க. எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போனா கேக்கவே வேணாம். நீ என் நாத்தனார். நீ பார்த்தேன்னு சொன்னா எவன் நம்பாம இருப்பான்?"

சாயத் தலையோடு உட்கார்ந்திருந்த அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அதுவும் சரிதானே" என்றார்.

"சரி, நான் பார்க்கலன்னா?"

"பார்க்கலன்னு சொல்லு. உங்க குடும்பத்துக்கு அது புதுசா என்ன?"

இப்படிக் குத்தினால் நான் எப்படி வராமல் இருப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே பாலத்தடிக்குப் போய்விட்டோம். காரின் தலையிலிருந்து வாழைக்காயை நானும் அண்ணியும் இறக்கினோம். அண்ணன் ஒற்றைக் கையோடு கூடவே நடந்து, கயிற்றை வாயால் கடித்து இழுத்து உதவி செய்வதாக நினைத்துக்கொண்டான். எனக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வார்களை அண்ணி இழுத்த இழுப்பில் மூச்சு நின்றது. படகு தண்ணீரில் இறங்கியபோது அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"வளைவுல மரம் கிடக்குது. பார்த்துக்க."

"நான் குருகைப் பார்க்கப் போறேனா, மரத்தைப் பார்க்கப் போறேனா?" என்றார் அண்ணி. அண்ணன் "ம்" என்றான்.

படகில் ஏறியதும் அண்ணி பாடம் நடத்தினார். முன்னால் இருக்கும் நான் இடப்பக்கக் கரையைப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் அவர் வலப்பக்கக் கரையைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் வாழைக்காய் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

"அப்போ ஒரே பறவையை ரெண்டு பேரும் எப்படிப் பார்க்கிறது?"

"அதுலதான் வித்தையே இருக்கு. நீ கையை மட்டும் காட்டு. நான் படகைத் திருப்பிப் பறவையை உன் மூக்குக்கு நேரா கொண்டு வரேன். ரெண்டு பேரும் நேராப் பார்த்துக்கலாம்."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். இடப்பக்கம் ஒரு குச்சியிலிருந்து நீலமாக எதுவோ தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்தது. "அண்ணி, அங்க!" என்று நான் கத்தி எட்டிப் பார்க்க, அவரும் எட்டிப் பார்க்க, படகு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. அண்ணி துடுப்பை மறுபக்கம் ஓங்கி அடித்து நிமிர்த்தியிருக்காவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். மதியத்துக்குக் கொண்டுவந்த ரொட்டி பஞ்சாக ஊறிவிட்டது.

நான் திட்டு வாங்கத் தயாரானேன். அண்ணி தன்னையே திட்டிக்கொண்டார். "உன்னைச் சொல்லி என்ன பண்றது? நானும்ல திரும்பினேன்! பஸ்ஸுல இப்படித் திரும்புவேனா? முன்னாடியே உக்காந்து உக்காந்து கெட்ட பழக்கம்." பிறகு அந்த நீலத்தின் பெயர் மீன்கொத்தி என்று சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு படகு அவர் சொன்னதைக் கேட்டது. பஸ்ஸைச் சந்தில் விடுகிற அதே கைதான். சிமென்ட் ஆலைச் சுவரோரம், ஒரு பழைய குழாயின்மேல் நீர்க்காகம் சட்டையைக் காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து நின்றது. நான் கையைக் காட்டினேன், படகு ஓசையில்லாமல் திரும்பியது, நீர்க்காகம் என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. சலவை நிலையத்தின் பின்புறம் வெள்ளைப் போர்வைகள் காய்ந்தன, அதன் கீழே சேற்றில் உள்ளான்கள் வாலை ஆட்டி ஆட்டி நடந்தன. குடியிருப்பின் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "அது எந்த ஜாதி அண்ணி?" என்றேன். "வழக்கமா இங்கயே இருக்கிறதுதான். சத்தம் போடாது" என்றார். இன்னொரு பாலத்தின் அடியில் மண் கூடு கட்டிய தகைவிலான்கள், படிக்கட்டில் தூங்கிய மடையான் என்று ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே வந்தன. நான் தூங்கவே இல்லை. சொல்லப்போனால், எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டோம். ஊறிய ரொட்டியைக் கரையில் எறியாமல் பாதியைத் தின்றோம். அண்ணியின் பேச்சு குறையக் குறைய, வளைவு நெருங்குகிறது என்று எனக்குப் புரிந்தது.

அந்த இடத்தை நான் சொல்லியே ஆகவேண்டும். ஆறு அங்கே இடப்பக்கமாக வளைகிறது. இடப்பக்கம் உள்வளைவில் தண்ணீர் தேங்கி, ஆள் உயர நாணல் அடர்ந்து நிற்கிறது. வலப்பக்கம் ஓட்டம் முழுக்கக் கரையை மோதுகிறது. அங்கே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து, கிளையெல்லாம் தண்ணீருக்குள் விட்டுக் கிடக்கிறது. அந்தக் கிளைகளுக்குள் தண்ணீர் போகலாம், படகு போனால் திரும்பாது.

"இங்கதான்" என்றார் அண்ணி. குரலே மாறியிருந்தது. படகின் முனையை நாணலுக்கு நேராகத் திருப்பினார். "நல்லாப் பாரு. அவசரம் இல்ல. நான் பிடிச்சிருக்கேன்."

பார்த்தேன். நாணல், நாணலுக்குப் பின்னால் நாணல். கண்ணில் வேர்வை விழுந்தது. பின்னால் துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிற சத்தமும் அண்ணியின் மூச்சும் மட்டும் கேட்டன. "பார்த்தியா?" என்றார். "இல்ல." "பாரு." மறுபடியும் துடுப்பு. "இப்போ?" "இல்ல அண்ணி."

நான் தினமும் தலைகளைப் பார்க்கிறவள். சாயம் பூசி முடித்த தலையில் ஒரே ஒரு முடி நிறம் பிடிக்காமல் நின்றாலும் என் கண் தானாக அங்கே போய்விடும். அப்படித்தான் போனது. எல்லாத் தட்டையும் நுனியில் ஆடியது, ஒரு தட்டை மட்டும் நடுவில் ஆடியது. அதற்கு மற்றதைவிடக் கொஞ்சம் பருமன். கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. உச்சியில் அலகு வானத்தைப் பார்த்தது. அந்த அலகுக்குக் கீழே, மஞ்சளாக, வட்டமாக, ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி! இருக்கு! நேரா! பாருங்க, பாருங்க!"

படகு ஒரு குலுக்குக் குலுக்கி வால்பக்கம் வெட்டி இழுத்தது. கிளை ஒன்று படகின் விலாவில் உரசும் சத்தம் கேட்டது. "கையை உள்ள வை!" என்று அண்ணி அதட்டினார். துடுப்பை இரண்டு கையாலும் தண்ணீரில் ஊன்றி அவர் தள்ளிய வேகத்தில் என் பல் கிடுகிடுத்தது. படகு மரத்தைவிட்டு விலகி, ஓட்டத்தில் சிக்கி, வளைவைத் தாண்டி நெடுந்தூரம் போய் அமைதியான தண்ணீரில் நின்றது. எதிர்நீச்சல் போட்டுத் திரும்பிப் போக முடியாத ஓட்டம். நாணல் கண்ணைவிட்டே மறைந்துவிட்டது.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ஆசையாகத்தான் கேட்டேன். "பார்த்தீங்கதானே?"

"இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொளுத்துகிற வெயிலில் என்னை இழுத்து வந்து, என் கண்ணை நோகவைத்து, கடைசியில் இல்லையாம்! "என்ன அண்ணி நீங்க! ஒரு செகண்டு தலையைத் தூக்கியிருந்தா பார்த்திருக்கலாம். அதுகூட உங்களால முடியலையா?"

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. அண்ணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. முகத்தில் கோபம் இல்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

"தூக்கினேன். நீ கத்தினதும் பாதி தூக்கினேன். அதுக்குத்தான் அந்தக் குலுக்கு. முழுசாத் தூக்கியிருந்தா நீ மரத்துக்குள்ள இருந்திருப்ப."

தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அவரும் இங்கதான் உக்காந்திருந்தார்" என்றார் அண்ணி. பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அழுதார். "வண்டி ஓட்டுறவ வேடிக்கை பார்க்க முடியாதுன்னு தினமும் பிள்ளைங்ககிட்டச் சொல்றேன். எனக்கு இது தெரியலையே!"

எனக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க அண்ணி. குருகு இருக்குது, நான் பார்த்தாச்சு. நீங்களும் பார்த்தேன்னு சாயங்காலம் சொல்லிடுங்க. பொய்யா என்ன? போன வருஷம் பார்த்ததுதானே. அந்த இன்சூரன்ஸ்காரர் மூஞ்சில கரி பூசினாப்பல இருக்கும்."

"இன்னைக்கு நான் பார்க்கலையே" என்றார். அவ்வளவுதான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வண்டி காலி என்று சொல்கிற அதே குரல். துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

நீரேற்று நிலையத்துப் படித்துறையில் எங்களையும் படகையும் ஏற்றிக்கொள்ளச் சங்கத்து வேன் காத்திருந்தது. டயர் கடை மாடிக்குப் போனபோது ஹால் நிரம்பியிருந்தது. எல்லோருக்கும் மூக்கு மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. அண்ணன் மாவுக்கட்டுக் கையோடு டீ மேஜைப் பக்கம் நின்றான். எங்கள் முறை வந்ததும் நான் எழுந்து, மீன்கொத்தி, நீர்க்காகம் என்று கற்ற பாடத்தை ஒப்பித்தேன். கடைசியாக, "வளைவுல நாணலுக்குள்ள குருகு" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது குருகுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பார்த்ததைச் சொன்னேன். நடுவில் ஆடிய தட்டை, கோடு போட்ட கழுத்து, வானத்தைப் பார்த்த அலகு, என்னைப் பார்த்த மஞ்சள் கண். "எனக்குப் பறவை எதுவும் தெரியாது டாக்டர். அண்ணிக்காகச் சொல்றேன்னு யாராவது நினைச்சா, நான் இவங்க நாத்தனார்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க." அங்கங்கே சிரிப்புக் கிளம்பியது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒரு பெண்மணி, "இதைவிட என்ன சாட்சி வேணும்!" என்று சத்தமாகவே சொன்னார்.

டாக்டர் அண்ணி பக்கம் திரும்பினார். "அப்போ நீங்களும் பார்த்தீங்க."

அண்ணி எழுந்து நின்றார். ஒரு தலையாட்டல் போதும். ஒரு வருஷத்துக் கேலி அந்த நிமிஷமே போயிருக்கும். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நான் பார்க்கல."

டீ மேஜைப் பக்கம் கிளாஸ் ஒன்று தட்டில் மோதும் சத்தம் கேட்டது. அண்ணன் கையில் இருந்த கிளாஸ்தான்.

இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னக்கா, நீங்களும் பின்னாடி உக்காந்து தூங்கிட்டீங்களா?"

"அந்த வளைவுல பின்னாடி இருக்கிறவங்க தலையைத் தூக்க முடியாது சார்" என்றார் அண்ணி. அவருக்குத்தான் பதில், ஆனால் பார்த்தது அண்ணனை. "தூக்கினா முன்னாடி இருக்கிறவங்க இருக்க மாட்டாங்க. போன வருஷம் இவர் தூக்கல. அதனாலதான் நான் குருகைப் பார்த்தேன். இந்த வருஷம் நான் முழுசாத் தூக்கல, இவ பார்த்தா."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி இந்தத் தடவையும் எழுத முடியாதுங்க" என்றார்.

"எழுத வேணாம் டாக்டர்."

"எழுதல. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த வளைவை எனக்குக் காட்டுவீங்களா?"

"தாராளமா. ஆனா நான் முன்னாடி, நீங்க பின்னாடி."

அப்போது எழுந்த சிரிப்பில் ஃபேன் சத்தமே கேட்கவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் எனக்குப் பின்னால் குனிந்து, "மூணாவது ஆள் உக்கார இடம் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, பாலத்தடியில் விட்டிருந்த காரை எடுத்து அண்ணி ஓட்டினார். பக்கத்தில் அண்ணன், மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு. பின் சீட்டில் நானும் ஈரத் துண்டுகளும். வெயில் சாய்ந்து தெரு முழுக்க மஞ்சளாக இருந்தது. சிக்னலில் வண்டி நின்றதும் அண்ணி கேட்டார்:

"ஏங்க, போன வருஷமே சொல்லியிருக்கலாம்ல?"

"எதை?"

"மரம் இழுக்குது, கண்ணை எடுக்க முடியலன்னு."

அண்ணன் யோசித்தான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நீ அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா வந்த. பறவை, பறவைன்னு கையைக் காலை ஆட்டிக்கிட்டு. அதுல போயி, நீ செத்திருப்பன்னு எப்படிச் சொல்றது? மரம்தான் நம்மளைப் பிடிக்கலையே, அப்புறம் அதைப் பத்தி என்ன பேச்சு?"

"அதுக்காக வருஷம் பூரா நான் பேசினதை எல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பீங்களா?"

"ம்" என்றான்.

இந்த 'ம்' எனக்குப் புரிந்தது. அண்ணிக்கும் புரிந்திருக்க வேண்டும். பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பஸ் டிரைவருக்கு ஹாரன் அடித்து நான் அன்றுதான் பார்த்தேன். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கியரைப் போட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "உங்க பக்கம் கம்பியில எதோ உக்காந்திருக்காப்பல இருக்கே. என்னன்னு பாருங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தான் அண்ணியிடம் கற்றதில் ஞாபகம் இருந்த ஒரே கறுப்புப் பறவையின் பெயரைச் சொன்னான். "கரிச்சான்."

அண்ணி தலையைத் திருப்பவில்லை. கண் சாலையிலேயே இருந்தது. "நான் பார்க்கல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பின் சீட்டிலிருந்து நானும் பார்த்தேன். பகல் முழுக்க ஆற்றில் படித்த படிப்பில் எனக்கே தெரிந்தது. அது காக்காய், அச்சு அசல் காக்காய். வாய் துறுதுறுத்தது. நாத்தனாராகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக, பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.